பழைய டர்போ ஹேட்ச்பேக் வாங்கப் போறீங்களா? முந்தைய ஓனரோட வலது காலைப் படிக்கக் கத்துக்கோங்க

பத்து வருஷத்துக்கு முன்னால எங்க வி.கே.புரத்துல பழைய கார் பேச்சு எடுத்தா அது டீசல் ஸ்விஃப்டில் ஆரம்பிச்சு டீசல் ஸ்விஃப்டிலேயே முடியும். இப்போ பசங்க கேக்கிறது வேற. போலோ ஜிடி, பலேனோ ஆர்எஸ், ஐ20 என் லைன். என் அக்கா மகனும் அதே லிஸ்ட்டோடதான் வந்தான். மூணு வருஷம் சேர்த்த பணம், மேல கொஞ்சம் கடன், மொத்தம் ஆறு லட்சம். "மாமா, புது வண்டின்னா இந்தப் பணத்துக்குச் சாதா வண்டிதான் வரும். பழசுன்னா இது வருது. எது நல்லது?" அவனுக்காக நான் படிச்சு, மெக்கானிக்குகள்ட்ட கேட்டு, சில வண்டிகளைக் கூடப் போய்ப் பாத்து எழுதி வச்ச குறிப்புகளைத்தான் இங்கே ஒழுங்குபடுத்தித் தர்றேன்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன். சாதாரண பழைய காரில் நீங்க வாங்குறது அதோட வயசும் ஓடின கிலோமீட்டரும். இந்த ரக வண்டியில் அதுக்கு மேல ஒண்ணு சேருது: அதை ஓட்டினவரோட பழக்கம். முப்பதாயிரம் கி.மீ. ஓடின வண்டி செத்துக்கிட்டு இருக்கலாம், தொண்ணூறாயிரம் ஓடினது ஜோரா இருக்கலாம். அந்தப் பழக்கம் வண்டியில் தடம் விட்டிருக்கும். அதைத் தேடிப் படிக்கிறதுதான் இந்த வேலை.

என்னென்ன வண்டி இருக்கு?

'ஹாட் ஹேட்ச்'ங்கிற பேரைப் பிரபலமாக்கினது 1976-ல் விற்பனைக்கு வந்த ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ. சின்னக் குடும்ப வண்டி, அதில் 1.6 லிட்டர், 110 பிஎஸ் இன்ஜின். அதுக்கு டர்போ கிடையாது. நம்ம நாட்டுல அதே அளவு சக்தி சாமானியன் கைக்கு வந்தது டர்போ வழியாத்தான். பழைய சந்தையில் இப்போ தேடினா கிடைக்கிறவை இவை:

ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ. 2013-ல் வந்தது. 1.2 லிட்டர், 105 பிஎஸ், 175 நியூட்டன் மீட்டர், ஏழு கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக். 2020-ல் பிஎஸ்6 வந்தப்போ இன்ஜின் 1.0 லிட்டர் மூணு சிலிண்டராகி 110 பிஎஸ் ஆச்சு. டிஎஸ்ஜி போய் சாதா டார்க் கன்வர்ட்டர் ஆட்டோமேட்டிக் வந்தது. மேனுவல் கியர் உள்ள 1.0 டிஎஸ்ஐ போலோவும் உண்டு. 2022-ல் போலோவையே நிறுத்திட்டாங்க.

மாருதி பலேனோ ஆர்எஸ். 2017 முதல் 2020 தொடக்கம் வரை. 1.0 லிட்டர் பூஸ்டர்ஜெட், 102 பிஎஸ், 150 நியூட்டன் மீட்டர், ஐந்து கியர் மேனுவல், நாலு வீலிலும் டிஸ்க் பிரேக்.

ஃபியட் அபார்த் புன்டோ. 2015. 1.4 லிட்டர், 145 பிஎஸ், 212 நியூட்டன் மீட்டர். லிஸ்ட்டுலயே முரட்டு வண்டி. ஆனா ஃபியட் இந்தியாவுல கார் விக்கிறதையே நிறுத்திட்டாங்க. அதனால பார்ட்ஸ் தேடுறது ஒரு தனி வேலை.

டாடா டியாகோ ஜேடிபி. 2018 அக்டோபர். இது நம்ம தமிழ்நாட்டுப் பெருமை. கோயம்புத்தூர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாடாவும் சேர்ந்து செஞ்சது. 1.2 லிட்டர் டர்போ, 114 பிஎஸ். வந்தப்போ ஷோரூம் விலை 6.39 லட்சம். பிஎஸ்6-க்கு மாறாமலே நின்னு போச்சு. விற்றது குறைவு, கிடைக்கிறதும் குறைவு.

ஹூண்டாய் ஐ20 டர்போ (2020 கடைசி), ஐ20 என் லைன் (2021). ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் செஞ்சது. 1.0 லிட்டர், 120 பிஎஸ், 172 நியூட்டன் மீட்டர். கூடவே டாடா அல்ட்ராஸ் ஐடர்போ (2021, 110 பிஎஸ்).

நம்ம ஊருக்கு ஒரு கூடுதல் கணக்கு உண்டு. இங்க இருந்து திருநெல்வேலி நாற்பது கி.மீ.க்கு மேல. வண்டி படுத்தா தூக்கிட்டுப் போற செலவையும் சேர்த்துத்தான் விலை. அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி மெக்கானிக்குகள் கைராசிக்காரங்க, இல்லேங்கலை. ஆனா டிஎஸ்ஜியைத் திறக்க அதுக்குன்னே கம்ப்யூட்டரும் கருவியும் வேணும். அதனால, ஒரே வண்டிதான் வீட்டுல இருக்கப் போகுதுன்னா மாருதி, ஹூண்டாய், டாடா பக்கம் சாயுறது நிம்மதி. ரெண்டாவது வண்டின்னா மனசு போற பக்கம் போங்க.

டர்போ எதனால சாகுது?

சைலன்சர் வழியா வீணாப் போற சூடான புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுத்துது. அதே அச்சின் மறுமுனையில் இருக்கிற இன்னொரு சக்கரம் வெளிக்காத்தை அமுக்கி இன்ஜினுக்குள்ள தள்ளுது. காத்து கூடினா பெட்ரோலும் கூட எரியலாம், சக்தி கூடும். அவ்வளவுதான் தத்துவம்.

சிக்கல் அந்த அச்சில்தான். சின்ன டர்போவில் அது நிமிஷத்துக்கு ரெண்டு லட்சம் சுத்து வரைக்கும் போகும். பெட்ரோல் இன்ஜின் புகை 900 டிகிரியைத் தொடும். இந்த வேகத்தில், இந்தச் சூட்டில் அச்சைத் தாங்குறது மெல்லிய ஒரு ஆயில் படலம். ஆயில் பழசானாலோ, குறைஞ்சாலோ, தரம் தப்பினாலோ முதல்ல அடி வாங்குறது டர்போ. நாலாம் கியரில் மிதிச்சு வந்து வீட்டு வாசல்ல டக்குனு ஆஃப் பண்ணினா, உள்ளே நின்ன ஆயில் வெந்து கரியாப் படியும். தினமும் இதைச் செஞ்சவர் வண்டியும், கடைசி ரெண்டு கி.மீ. மெதுவா வந்து நிறுத்தினவர் வண்டியும் வெளியே பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும்.

இன்னொரு பழக்கமும் கெடுதல், அது பலருக்குத் தெரியாது. மைலேஜுக்காக அஞ்சாம் கியரில் 1,500 ஆர்பிஎம்மில் முழுசா மிதிக்கிறது. சின்ன டர்போ இன்ஜினில் அப்படிச் செஞ்சா பிளக் பொறி விடுறதுக்கு முன்னாலயே கலவை தானா எரியலாம். பிஸ்டன் உடையிற அளவுக்குப் போகக்கூடிய விஷயம் இது. இதுக்காகவே 2018-ல் ஏபிஐ எஸ்என் பிளஸ், 2020-ல் எஸ்பி என்று ஆயில் தரத்தையே மாத்தினாங்க. அதனால சர்வீஸ் பில்லில் 'இன்ஜின் ஆயில்' என்று மட்டும் இருந்தா பத்தாது. என்ன கிரேடு, என்ன தரம், எத்தனை கி.மீ.க்கு ஒருமுறை — மூணும் தெரியணும்.

கிளம்பும் முன்னே போனிலேயே முடிக்க வேண்டியவை

புரோக்கர் சொல்வார்: "அண்ணாச்சி, டாக்டர் வண்டி, ஒரே கை, சும்மா வந்து பாருங்க." சும்மா போகாதீங்க. ஐந்து கேள்வி முதல்ல.

சர்வீஸ் பில் எல்லாம் இருக்கா? இருந்தா போட்டோ அனுப்பச் சொல்லுங்க. இன்ஜின், சைலன்சர், ஏர் ஃபில்டர் எதையாவது மாத்தியிருக்கா, ரீமேப் போட்டதுண்டா? பேங்க் கடன் இருக்கா? எந்த ஊர் நம்பர், எத்தனை ஓனர்? கடைசியா, நான் வர்ற அன்னைக்குக் காலையில் வண்டியை ஸ்டார்ட் பண்ணாம வைப்பீங்களா?

கடைசிக் கேள்விக்கு வர்ற பதிலே பாதி விஷயத்தைச் சொல்லிடும்.

நம்பர் கிடைச்சதும் பரிவாகன் தளத்தில் போட்டுப் பாருங்க. பதிவு தேதி, ஓனர் வரிசை, இன்சூரன்ஸ், அடமானம் எல்லாம் வரும். இ-செலான் பாக்கியையும் பாத்துக்கோங்க. அதிவேகத்துக்கான செலான் வரிசையா இருந்தா ஓட்டினவர் ஜாதகமே அதில் இருக்கு.

இன்சூரன்ஸ் பாலிசியில் ஒரு சின்ன எண் உண்டு: நோ கிளெய்ம் போனஸ். கிளெய்ம் இல்லாத வருஷத்துக்கு ஏத்தபடி 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும். "அஞ்சு வருஷமா ஒரு கீறல் இல்லை" என்பவர் பாலிசியில் பூஜ்யம் இருந்தா, போன வருஷம் என்ன நடந்ததுன்னு கேளுங்க. இந்த போனஸ் ஆளைச் சேர்ந்தது, வண்டியைச் சேர்ந்தது இல்லை. அதனால ஒரே ஓனர் வண்டியில்தான் இந்தக் கணக்கு சரியாப் பேசும்.

கேரளா வண்டி பத்தி. செங்கோட்டை தாண்டினா நல்ல நல்ல போலோ கிடைக்குது, விலையும் குறைச்சல். ஆனா வேற மாநில வண்டிக்கு அங்க இருந்து என்ஓசி (படிவம் 28) வாங்கி, இங்க வண்டி வயசுக்கு ஏத்த வரி கட்டி, புது நம்பர் போடணும். அந்தச் செலவையும் அலைச்சலையும் கூட்டினா விலை வித்தியாசம் எவ்வளவு மிஞ்சுதுன்னு பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

குளிர்ந்த இன்ஜின்

போனதும் முதல்ல பானட்டில் கை வைங்க. சூடா இருந்தா ஒரு சான்று போச்சு; இன்னொரு நாள் வர்றேன்னு சொல்றது தப்பில்லை.

டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்க. ஆயில் புதுசா, தங்க நிறமா இருக்கிறதால மயங்காதீங்க. விக்கிற முந்தின நாள் ஆயில் மாத்துறது யாருக்கும் தெரிஞ்ச வித்தை. ஆயில் மூடியைத் திறந்து டார்ச் அடிச்சு உள்ளே பாருங்க. சுவர்ல தேன் நிறம் லேசா இருந்தா சரி. கறுப்பா தார் மாதிரி ஒட்டியிருந்தா வருஷக்கணக்கா ஆயில் தள்ளிப் போட்ட வண்டி. ஒரு ஆயில் சேஞ்சில் அந்தக் கசடு போகாது.

கூலன்ட் தொட்டியைப் பாருங்க. கம்பெனி கூலன்ட் நிறத்தில் இருக்கணும். பல வண்டியில் நம்ம ஆளுங்க போர் தண்ணியை ஊத்தி வச்சிருப்பாங்க. உப்புப் படிஞ்சு ரேடியேட்டர் அடைக்கும், டர்போவுக்குப் போற சின்னக் குழாயும் அடைக்கும். துருநிறத் தண்ணியோ, மேல எண்ணெய் மிதப்போ தெரிஞ்சா அங்கேயே கும்பிடு போட்டுட்டு வந்துடலாம்.

இப்போ ஸ்டார்ட். நீங்க சைலன்சர் பக்கம் நில்லுங்க, கூட வந்தவர் சாவியைத் திருப்பட்டும். முதல் அஞ்சு செகண்ட் காதுதான் முக்கியம். செயின் உள்ள இன்ஜினில் கடகடன்னு ஓசை வந்து அடங்கினா செயின் தளர்ந்திருக்கலாம். நீலப்புகை வந்தா ஆயில் எரியுது. வெள்ளை ஆவி ஒரு நிமிஷத்தில் நின்னுடணும். இன்ஜின் சூடேறின பிறகு ரெண்டு மூணு நிமிஷம் ஐடிலில் விட்டு, பிறகு மிதிச்சுப் பாருங்க. அப்போ நீலப்புகை குப்புனு வந்தா டர்போ சீலை சந்தேகப்படணும்.

தெரிஞ்ச மெக்கானிக் கூட இருந்தா டர்போவுக்குப் போற காத்துக்குழாயைக் கழட்டச் சொல்லுங்க. உள்ளே ஈரமா லேசா ஆயில் பூச்சு இருக்கிறது சகஜம். தேங்கி நின்னா சகஜமில்லை. விரலால் அச்சை அசைச்சா பக்கவாட்டில் மயிரிழை அளவு ஆட்டம் இருக்கும். முன்னும் பின்னும் ஆடினாலோ, சக்கர இலை உறையில் உரசின தடம் இருந்தாலோ டர்போ மாத்தணும்.

அம்பாசமுத்திரம் பக்கத்து வண்டின்னா ஏர் ஃபில்டரையும் திறங்க. அறுவடை நேரத்தில் ரோட்டுல நெல் காயப்போட்டு, வைக்கோல் தூசி பறக்கிற ஊர் இது. சத்தம் நல்லா வரும்னு திறந்த கோன் ஃபில்டர் போட்டு ஓட்டின வண்டியில் அந்தத் தூசி மணல் காகிதம் மாதிரி டர்போ இலைகளைத் தேச்சிருக்கும்.

ரீமேப் போட்ட வண்டி

டர்போ வண்டியின் கவர்ச்சியும் ஆபத்தும் ஒரே இடத்தில்தான். கம்ப்யூட்டர் மென்பொருளை மாத்தினா ஒரு மத்தியானத்தில் இருபது முப்பது குதிரைசக்தி கூடிடும். கிளட்ச், கியர்பாக்ஸ், பிரேக், கூலிங் எதுவும் கூடாது. விக்கிறப்போ பழைய மென்பொருளைத் திரும்பப் போட்டு 'கம்பெனி கண்டிஷன்'னு விக்கிறதும் நடக்குது. தேய்மானத்தை மட்டும் திரும்பப் போட முடியாது.

தடங்கள் இருக்கும். இன்டர்கூலர் குழாயில் கம்பெனி கிளிப்புக்குப் பதிலா கடை கிளாம்ப். சைலன்சர் வெல்டிங் புதுசு. சின்ன ஓட்டையை மூடின ரப்பர் — பூஸ்ட் மீட்டர் வயர் போன வழி. முன் டயர் ரெண்டு மட்டும் புதுசு. டயர் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செஞ்சது. இருபதாயிரம் கி.மீ. ஓடினதா மீட்டர் சொல்ற வண்டியில் முன் டயர் ரெண்டு தடவை மாத்தியிருந்தா ஒண்ணு மீட்டர் பொய், இல்லே சிக்னல்ல டயர் கிழிய எடுத்த வண்டி.

சட்டமும் இதில் உண்டு. கம்பெனி கொடுத்த விவரக்குறிப்புக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு சொல்லுது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்திச்சு. சொல்லாத மாற்றம் உள்ள வண்டி விபத்துல மாட்டினா இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு சாக்குக் கிடைச்சிடும். தப்புப் பண்ணினது முந்தைய ஓனர், பணம் கட்டுறது நீங்க.

ஸ்கேனர் என்ற சின்ன டப்பா

ஸ்டியரிங் அடியில் இருக்கிற ஓபிடி சாக்கெட்டில் செருகுற புளூடூத் ஸ்கேனர் ஒண்ணு வாங்கிக்கோங்க. மலிவு, வாங்கின பிறகும் உதவும். நாலு விஷயம் பாருங்க.

ஒண்ணு, பிழைக் குறியீடுகள். பி0299 வந்தா டர்போ அழுத்தம் குறைவு, பி0234 வந்தா அதிகம், பி0300 வரிசை வந்தா சிலிண்டர் எரியாம விடுது.

ரெண்டு, குறியீடே இல்லேன்னா சந்தோஷப்படுறதுக்கு முன்னால 'ரெடினஸ்' பக்கத்தைத் திறங்க. வண்டி தன்னைத்தானே சோதிச்சு முடிச்சதா இல்லையான்னு அது சொல்லும். பல சோதனை 'முடியலை'ன்னு காட்டினா, சமீபத்தில் யாரோ குறியீடுகளை அழிச்சிருக்காங்க, இல்லே பேட்டரியைக் கழட்டியிருக்காங்க. ஏன்னு கேளுங்க.

மூணு, 'லாங் டெர்ம் ஃப்யூவல் ட்ரிம்'. பூஜ்யத்துக்கு அந்தப்பக்கம் இந்தப்பக்கம் பத்து சதவீதத்துக்குள்ள இருந்தா நல்லது. கூடுதலா பெட்ரோல் சேர்த்துக்கிட்டே இருந்தா எங்கேயோ காத்து கசியுது.

நாலு, காத்தழுத்தம். நம்ம சமவெளியில் வெளிக்காத்து சுமார் 100 கிலோபாஸ்கல். மூணாம் கியரில் 2,000-ல் இருந்து முழுசா மிதிச்சா அது சீராக ஏறி ஒரு உச்சத்தில் நிக்கணும். அதே மாடல் வேற வண்டி ஒண்ணுல இதே சோதனையைச் செஞ்சு ஒப்பிடுங்க. ரொம்பக் குறைவுன்னா கசிவு அல்லது டர்போ நோய். ரொம்பக் கூடுதல்னா ரீமேப் இன்னும் உள்ளேயே இருக்கு.

போலோ, பலேனோ ஆர்எஸ், ஐ20 இன்ஜின்கள் பெட்ரோலை நேரா சிலிண்டருக்குள் தெளிக்கிறவை. வால்வைப் பெட்ரோல் கழுவாததால வருஷம் போகப் போக வால்வில் கரி படியும். காலையில் ஐடில் நடுங்கினா இதுவும் ஒரு காரணம். டியாகோ ஜேடிபி, அல்ட்ராஸ் ஐடர்போ, அபார்த் ஆகியவற்றில் இந்தத் தொல்லை இல்லை.

ஓட்டிப் பாருங்க, வேகமா இல்லே, மெதுவா

எல்லாரும் பிக்கப் பாக்கத்தான் மிதிப்பாங்க. நோய் தெரியிறது ஊர்ந்து போறப்போ. போலோ ஜிடி 2013–2020 டிஎஸ்ஜியில் உலர் கிளட்ச் ரெண்டு இருக்கு. டிராஃபிக்கில் ஊர்ந்தா ஊர்ந்தா சூடேறும். அதே குடும்பத்து ஏழு கியர் பெட்டிக்காக 2013-ல் ஃபோக்ஸ்வாகன் உலகம் முழுக்க லட்சக்கணக்கான வண்டிகளைத் திரும்ப அழைச்சுச் சரி பண்ணியிருக்கு. அதனால இந்த வண்டியைத் திருநெல்வேலி ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்தில் சாயங்கால நெரிசலில் ஏத்திப் பாருங்க. நின்னு நின்னு ஏறட்டும். உதறல், ரெண்டிலிருந்து ஒண்ணுக்கு இறங்கும்போது 'டக்', ரிவர்ஸில் ஏற்றத்தில் தயக்கம், கருகல் வாசம் — எது வந்தாலும் கியர்பாக்ஸ் ரிப்போர்ட் இல்லாம பேச்சு இல்லை. ஐ20 டிசிடியும் உலர் கிளட்ச்தான், அதே சோதனை. கிளட்ச் பெடல் இல்லாத ஐஎம்டி வண்டியில் கியர் மாத்தும்போது இழுவை விட்டு விட்டுப் பிடிக்குதான்னு பாருங்க.

மேனுவல் வண்டியில் நாலாம் கியரில் 2,000-ல் முழுசா மிதிங்க. ஆர்பிஎம் மட்டும் ஏறி வேகம் ஏறலேன்னா கிளட்ச் முடிஞ்சது. டர்போ இழுவையில் இது சீக்கிரம் வெளியே வரும்.

நாலுவழிச் சாலையில் ஒரு தடவை நல்லா பிரேக் பிடிங்க. ஸ்டியரிங் உதறுதான்னு கவனிங்க. பலேனோ ஆர்எஸ் பாக்கிறவங்க இன்னொண்ணும் கேக்கணும். பிரேக்குக்கு உதவுற வேக்குவம் பம்ப்பில் குறை இருக்கலாம்னு 2023 ஏப்ரலில் 7,213 ஆர்எஸ் வண்டிகளை மாருதி திரும்ப அழைச்சது. சேஸ் நம்பரைச் சொன்னா அந்த வேலை முடிஞ்சதான்னு சர்வீஸ் சென்டரில் சொல்லிடுவாங்க. இந்த ஒரு விஷயத்தில் சமரசமே கிடையாது.

பாபநாசம் மலை ரோட்டுல டெஸ்ட் பண்ணலாம்னு சில பேர் நினைக்கிறாங்க. அங்க வனத்துறை சோதனைச்சாவடி இருக்கு, புலிகள் காப்பகம். அடுத்தவர் வண்டியை வச்சு அங்க வித்தை காட்ட வேண்டாம்.

வெள்ளத்தில் நின்ன வண்டி

நம்ம பகுதிக்கு இது தனித் தலைப்பு. 2023 டிசம்பர் 17, 18-ல் பெய்ஞ்ச மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல. தாமிரபரணி கரை தாண்டி திருநெல்வேலி ஜங்ஷன் பக்கமும், ஸ்ரீவைகுண்டமும், தூத்துக்குடியும் தண்ணியில் நின்னதை நாம மறக்கலை. அதே மாசம் ஆரம்பத்துல மிக்ஜாம் புயல்ல சென்னை மூழ்கிச்சு. அங்க நின்ன வண்டிகள் எல்லாம் பழைய இரும்புக்குப் போகலை. கழுவி, சீட் துணி மாத்தி, வேற ஊர் சந்தைக்கு வந்ததும் உண்டு.

டர்போ வண்டிக்கு இது கூடுதல் ஆபத்து. இன்டர்கூலர் பல வண்டியில் முன் பம்பருக்குப் பின்னால தாழ்வா இருக்கும். அந்த வழியா தண்ணி இன்ஜினுக்குள் போனா, தண்ணியை அமுக்க முடியாம கனெக்டிங் ராடு வளையும். லேசா வளைஞ்ச ராடோட வண்டி ஓடும், மாசக்கணக்குல. ஒருநாள் நெடுஞ்சாலையில் உடையும்.

சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்க. அடியில் சேறு கோடு தெரியும். சீட் தண்டவாளத்தில் துரு, ஸ்டெப்னி குழியில் வண்டல், ஹெட்லைட்டுக்குள் ஆவி, கார்ப்பெட் அடியில் பூஞ்சை வாசம் எல்லாத்தையும் தேடுங்க. அந்த டிசம்பரில் வண்டி எங்க நின்னதுன்னு நேராவே கேளுங்க. சந்தேகம் இருந்தா கம்ப்ரஷன் டெஸ்ட் எடுங்க. சிலிண்டருக்குச் சிலிண்டர் பத்து பதினைஞ்சு சதவீதத்துக்கு மேல வித்தியாசம் வந்தா கதை முடிஞ்சது.

அடிபட்ட வண்டிக்கும் இதே கண். எல்லாக் கண்ணாடியிலும் வருஷக் குறி ஒண்ணா இருக்கணும். பானட், ஃபெண்டர் போல்ட் தலையில் பெயின்ட் உரிஞ்சிருந்தா ஸ்பேனர் பட்டிருக்கு. கதவு மாத்தினது பெரிசில்லை. முன்பக்கச் சட்டத்தில் டிங்கர் வேலையும் பட்டியும் தெரிஞ்சா வேண்டாம்.

பேப்பரும் பணமும்

சேஸ் நம்பர், இன்ஜின் நம்பர் ரெண்டையும் ஆர்சியோட நேர்ல ஒப்பிடுங்க. படிவம் 29, 30-ல் கையெழுத்து, கடன் இருந்தா பேங்க் என்ஓசியும் படிவம் 35-ம். ஒரே மாநிலத்துக்குள்ளன்னா விக்கிறவர் 14 நாளுக்குள்ள ஆர்டிஓவுக்குத் தெரிவிக்கணும், வாங்குறவர் 30 நாளுக்குள்ள பேர் மாத்தணும். இன்சூரன்ஸை உடனே உங்க பேருக்கு மாத்துங்க. மூன்றாம் நபர் பாதுகாப்பு தானா வந்தாலும், உங்க வண்டிச் சேதத்துக்கான பாதுகாப்பு பேர் மாத்தாம வராது.

அக்கா மகன்கிட்ட நான் சொன்ன கணக்கு இதுதான்: ஆறு லட்சம் இருக்குன்னா ஐந்து லட்சத்துக்கு வண்டி பாரு. மிச்ச ஒரு லட்சம் வண்டியோட பணம், உன்னோடது இல்லை. முதல் வாரத்திலேயே சரியான தரத்தில் ஆயில், ஃபில்டர், ஸ்பார்க் பிளக், கூலன்ட், பிரேக் ஆயில். பெல்ட் வண்டின்னா அதோட வயசைப் பாத்து அதையும். பழைய பில் எதையும் நம்பி இதைத் தள்ளிப் போடாதே. இந்தப் பணம் ஒதுக்க முடியாதவங்களுக்கு இந்த ரக வண்டி ஏத்தது இல்லை. அவங்களுக்கு டர்போ இல்லாத ஒரு நல்ல ஸ்விஃப்ட் பெட்ரோல் போதும், அதில் ஒரு குறையும் கிடையாது.

இதுவரை அவன் நாலு வண்டி பாத்துட்டான், நாலையும் விட்டுட்டான். ஒண்ணுல ரெடினஸ் காலி, ஒண்ணுல சீட் பெல்ட்டில் சேறு, ஒண்ணுல சர்வீஸ் பில் ரெண்டு வருஷம் காணோம், இன்னொண்ணுல ஓனர் காலையிலேயே ஸ்டார்ட் பண்ணி வச்சிருந்தார். அஞ்சாவதா ஒரு பலேனோ ஆர்எஸ் பத்தித் தகவல் வந்திருக்கு. பம்ப் வேலை முடிஞ்சதான்னு முதல்ல கேக்கச் சொல்லியிருக்கேன்.